தாஸியோஸ் வீட்டு முறை

ஏதென்ஸ்,
பிப்ரவரி 4

கிளாரினெட் கலைஞர் திரு. ஆர்செனிஸ் அவர்களுக்கு,

ஏதென்ஸ்வாழ் கரிதியா ஊரார் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். வரும் ஆகஸ்டில் நம் ஊர் மாதா திருவிழாவின் இரவு நடனங்களுக்கு இம்முறை வேறு குழுவை அழைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. ஜூன் மாதக் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்யப்படும். இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் குழு வாசித்ததற்கு நன்றி.

இத்தோடு நிறுத்தி முத்திரை குத்தி அனுப்பச் சொன்னார்கள். முத்திரைக்குக் கீழே இருப்பது என் சொந்த எழுத்து. போன திருவிழாவில் என் அப்பா முன்னால் நின்று ஆட வேண்டிய முறையை ஜெர்மனியிலிருந்து வந்தவன் காசுக்கு விற்றீர்களே, அதற்குத்தான் இது. அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் காப்பிக்கடைப் பக்கமே போகவில்லை. நவம்பரில் அவரைப் புதைத்தோம். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.

எவாந்தியா
தாஸியோஸ் மகள்


யானினா,
பிப்ரவரி 15

எவாந்தியா தாயி,

'திரு. ஆர்செனிஸ் அவர்களுக்கு' என்று படித்துவிட்டு, யாரோ வக்கீலுக்கு வந்த தபால் என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். உன் ஞானஸ்நானத்துக்கு ஊதினவன் நான். உன் கல்யாணத்தன்று வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் ஊதிக்கொண்டே உன்னைக் கூட்டிப்போனவன் நான். 'மாமா' என்று ஒரு வார்த்தை எழுத உன் பேனாவில் மை இல்லையா?

உன் அப்பாவைப் புதைத்த அன்று வந்தேன். கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே வந்திருந்தால் உன் சித்தப்பன் கையில் அடி வாங்கியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும்.

எனக்கு எழுத வராது, ஊதத்தான் வரும். என் மனைவி அகாதி திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒன்று மட்டும் யோசித்துப் பார். எங்களுக்கு முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது, ஒன்றாந்தேதி என்று ஒரு நாளும் கிடையாது. குளிர்காலத்தில் ஏரிக்கரை உணவகத்தில், சுற்றுலா வந்தவர்கள் மீன் முள்ளைத் துப்பிக்கொண்டிருக்கும்போது ஊதுகிறோம். ரெண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நாங்களே பதிவு செய்து இணையத்தில் போட்டோம். கேட்டவர்கள் லட்சம் பேர் என்று காட்டியது. அதில் வந்த காசுக்கு அகாதி கொஞ்சம் ஆட்டுப்பால் சீஸ் வாங்கிவந்தாள், நன்றாகத்தான் இருந்தது. வருஷம் முழுக்க எங்கள் அடுப்பு எரிவது ஆகஸ்ட் மாதத்தை நம்பித்தான். சங்கம் பேசும் தொகை பெட்ரோலுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் சரியாகிவிடும். ஆடுகிறவன் கையிலிருந்து வருகிற நோட்டுதான் எங்கள் கூலி. கரிதியாதான் எங்களுக்கு முதல் ஊர். அது கதவைச் சாத்தினால் மலையில் மற்ற ஊர்களும் சாத்தும்.

உன் அப்பா முறையை மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு.

ஆர்செனிஸ்


ஏதென்ஸ்,
பிப்ரவரி 27

ஆர்செனிஸ் அவர்களுக்கு,

மறந்துவிட்டீர்களா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு ஆட வேண்டும் என்று ஒப்பிக்கிறவர் நீங்கள். எந்த வீட்டுக்காரனுக்கு எந்தப் பாட்டு, எவனுக்கு முட்டி வலி, எவனுக்கு மெதுவாக வாசிக்க வேண்டும், எல்லாம் தெரியும். கோஸ்மாஸ் வீடு, அடுத்தது தாஸியோஸ் வீடு. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அதை மறந்தேன் என்று என்னிடமே சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

அன்று என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். அப்பா வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை கோட்டுப் பையிலேயே இருந்தது. உங்களுக்குத் தரவேண்டிய நோட்டுகளை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தார் என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். கோஸ்மாஸ் ஆடினான். ஆடிக்கொண்டே இருந்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருஷத்துக்கொரு முறை வருகிறவன், காசு இருக்கிறது, ஆடட்டும். நீங்கள் அவன் காதுக்குள் கிளாரினெட்டைச் செருகாத குறை. ஒருவழியாக அவன் உட்கார்ந்ததும் மேடை ஓரத்தில் நின்ற அப்பாவின் கூட்டாளி ஸ்டாமூலிஸ் கத்தினார்: "அடுத்தது தாஸியோஸ் வீடு! ஆர்செனிஸ், தாஸியோஸ் வீடுய்யா!" காதில் விழாத மாதிரி நீங்கள் அதற்கடுத்த வீட்டுப் பாட்டை எடுத்தீர்கள். ஊரே திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தது. நான் எழுந்துவிட்டேன், உங்கள் சட்டையைப் பிடிக்க. அப்பாதான் கையைப் பிடித்து இழுத்தார். "விடும்மா. அவனுக்குக் கேக்கலை. வா, வீட்டுக்குப் போவோம்."

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கரிதியாவில் அவரைப்போல் ஆட ஆள் கிடையாது என்று நீங்களே சொல்லுவீர்கள். அவருடைய கடைசித் திருவிழாவை நீங்கள் தின்றுவிட்டீர்கள். கோஸ்மாஸ் கூடுதலாக எவ்வளவு கொடுத்தான்? தொகையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எவாந்தியா


யானினா,
மார்ச் 12

எவாந்தியா,

ரெண்டு ஊரிலிருந்து ஆள் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். "இந்த வருசம் வேணாம் மாஸ்டர். ஊருல ஒரு மாதிரி பேசிக்கறாங்க" என்றார்கள். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. வயலின் வாசிக்கிற என் மச்சான் மீஹோஸ் கோழிப்பண்ணையில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அந்த விரல்களால் முட்டை அடுக்கப் போகிறான். கரிதியாவும் போய்விட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான். வண்டி போனால் வாத்தியப் பெட்டிகளை மலைக்கு ஏற்ற வழியில்லை, குழுவும் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா என்னை வண்டிக்குப் பின்னால் கூப்

மேலே அடித்திருப்பதைப் படிக்காதே. வேறு தாளில் எழுதலாம் என்றால் வீட்டில் இதுதான் இருக்கிறது.

காசுக்கு ஊதுகிறவன் என்று என்னைக் கேவலமாக எழுதியிருக்கிறாய். ஆமாம், காசுக்குத்தான் ஊதுகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆடுகிறவன் நோட்டை நீட்டும்போது, 'நீயும் மனுஷன், நானும் மனுஷன், உன் மூச்சுக்கு என் கூலி' என்று ஊர் பார்க்கச் சொல்கிறான். காசு வாங்காமல் ஒருவனுக்கு ஊதினால் அவனைப் பிச்சைக்காரனாக்குகிறேன் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் யாருக்கும் அப்படி ஊதியதில்லை. ஊதச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை, நான் ஊதுகிறேன் என்று சொன்னாலும் நம் ஊர் ஆம்பிளை ஒத்துக்கொள்ள மாட்டான்.

உன் கேள்விக்குப் பதில் கிடையாது. விற்றான் என்றே வைத்துக்கொள். ஜூன் கூட்டத்தில் என்ன செய்ய வேண்டுமோ செய்.

ஆர்செனிஸ்


கரிதியா,
ஈஸ்டர் செவ்வாய்

ஆர்செனிஸ் அவர்களுக்கு,

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தேன், அப்பா வீட்டைத் திறந்து சுத்தம் செய்ய. யானினா ஒரு மணி நேரம்தான், நேரில் வந்திருக்கலாம். வந்தால் உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்திவிடுவேனோ என்று பயந்துதான் எழுதுகிறேன். இப்போது வேறு பயமும் சேர்ந்திருக்கிறது.

கோஸ்மாஸும் வந்திருந்தான். ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் மடக்கிப் பிடித்தேன். "எங்கப்பா முறைக்கு நீ என்ன விலை குடுத்தே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ எவாந்தியா, சத்தியமா கூடுதலா ஒண்ணும் குடுக்கலை! நானே உனக்கு எழுதணும்னு இருந்தேன். என் கையில இருந்த நோட்டெல்லாம் தீந்துபோச்சு. மூச்சு வேற வாங்குது. உக்காரலாம்னு திரும்பறேன், ஆர்செனிஸ் என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு கண்ணாலயே 'ஆடு, ஆடு'ங்கறாரு. பாதிக்கு மேல சும்மாதான் வாசிச்சாரு. கூட்டத்துல யாரு கவனிச்சா? என்னைப் பிடிச்சிருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டு நானும் ஆடினேன்."

யாருக்கும் சும்மா ஊதியதில்லை என்று எழுதினீர்கள். ஊரிலேயே பணக்காரனுக்குச் சும்மா ஊதியிருக்கிறீர்கள். ஏன்?

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், அக்டோபரில் அப்பா கடைசியாக வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனது உங்கள் வீட்டுக்காம். ஒரு மூட்டை வால்நட் ஏற்றிக்கொண்டு போனாராம். "யாருக்கு தாஸியோ?" என்று கேட்டதற்கு, "ஒருத்தனுக்குக் கடன்பட்டிருக்கேன்" என்றாராம். தன்னை ஊர் முன்னால் அவமானப்படுத்தியவனுக்கு யாராவது வால்நட் கொண்டுபோவார்களா?

அந்த ராத்திரி என்ன நடந்தது? அடித்துவிட்ட வரியை முழுசாக எழுதி அனுப்புங்கள்.

எவாந்தியா


யானினா,
மே 9

எவாந்தியா,

வால்நட் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது. ஒரு சொத்தை இல்லை.

கோஸ்மாஸ் குடித்திருந்தான், அவன் கணக்கை நம்பாதே.

கிளறாதே தாயி. உன் கோபம் எனக்குப் பழகிவிட்டது, அதோடு காலம் தள்ளுவேன். மீஹோஸ் பண்ணைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். வண்டிக்கு ஒருவன் விலை கேட்டிருக்கிறான், பூக்கடைக்காரன். உங்கள் கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஆகாது என்று முடிவாகிவிட்டால் இழுக்காமல் சொல்லிவிடு, அவனைக் காக்க வைக்கக் கூடாது.

ஆர்செனிஸ்


ஏதென்ஸ்,
மே 20

ஆர்செனிஸ் அவர்களுக்கு,

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நானே எழுதுகிறேன், நீங்கள் படித்தால் போதும்.

போன ஜூலையில் இங்கே என் முடிதிருத்தும் கடைக்குப் புது இடம் பார்த்தேன். முன்பணம் குறைந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். "இந்த வருசம் தேன் நல்லாப் போச்சும்மா, அனுப்பறேன்" என்றார். அனுப்பினார். எனக்குச் சந்தோஷம். அவரிடம் வேறு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் மறுபடி ஊருக்குப் போய்த் தேன்கூட்டுப் பெட்டிகளைப் பார்த்தேன். பாதி காலி. பக்கத்து வீட்டுக்காரி, "போன வருசம் ஈ பூரா செத்துப்போச்சே, உனக்குத் தெரியாதா?" என்கிறாள். அப்புறம் ஸீக்கோஸ் காப்பிக்கடைக்குப் போனேன். திருவிழாவுக்கு முதல் நாள் ஆடப்போகிறவர்கள் எல்லோரும் பெரிய நோட்டைச் சின்ன நோட்டாக மாற்றிக்கொள்வது அங்கேதான். அப்பா வருஷா வருஷம் முதல் ஆளாகப் போய் நிற்பார். போன வருஷம் வந்தாரா என்று கேட்டேன். ஸீக்கோஸ் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாத்த நோட்டு இருந்தாத்தானேம்மா வருவாரு."

இருந்ததையெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கோட்டுப் பையில் ஒன்றும் இல்லை. நோட்டு இருக்கிறது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்குப் பின்னால் அப்பா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், என் முறையைத் தாண்டிப் போய்விடு என்று. நீங்கள், 'காசை விடு தாஸியோ, நான் வாசிக்கிறேன், நீ ஆடு' என்று சொல்லியிருப்பீர்கள். அவர் அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் அவர் மகள். உங்கள் மார்ச் கடிதத்தில் நீங்களே அதை எழுதியும் விட்டீர்கள். ஆடக் காசில்லாதவன் என்று ஊர் பார்ப்பதைவிட, முறையைப் பறிகொடுத்தவன் என்று பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அவன் காசுக்கு விலைபோனீர்கள் என்று ஊர் நம்பத்தான் கோஸ்மாஸை அவ்வளவு நேரம் இழுத்தீர்கள். பழி உங்கள் தலையில் விழுந்தது. அடுத்த வருஷம் ஆடிச் சரிசெய்துவிடலாம் என்று ரெண்டு பேரும் நினைத்தீர்கள், அவருக்கு அடுத்த வருஷம் இல்லாமல் போயிற்று.

நான் உங்களை என்னவெல்லாம் எழுதினேன். கை கூசுகிறது. கூட்டத்தில் எல்லாவற்றையும் எழுந்து சொல்லப்போகிறேன். மற்ற ஊர்களுக்கும் சங்கத்தின் பேரில் எழுதுவேன்.

எவாந்தியா


யானினா,
மே 26

எவாந்தியா,

இதைப் பஸ் பார்சலில் அனுப்புகிறேன், தபால் தாமதமாகும் என்று. கூட அகாதி செய்த கீரை அடை இருக்கிறது, ஆறினாலும் சாப்பிடலாம்.

நீ எழுதியது எல்லாம் நீ எழுதியது. நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஒருவருக்கு வார்த்தை கொடுத்திருந்தால், அவர் செத்துப்போனார் என்பதற்காக அந்த வார்த்தையும் செத்துவிடுமா?

கூட்டத்தில் வாயைத் திறந்தாயென்றால் நான் கரிதியாவில் கால் வைக்க மாட்டேன். வண்டியை அன்றைக்கே பூக்கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். மிரட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்.

யோசித்துப் பார். பேராசைக்காரன் என்ற பேர் எனக்கு வலிக்கிறது. கடைத்தெருவில் ஒருவன் என்னைப் பார்த்து விரலைத் தேய்த்துக் காட்டினான், காசு காசு என்று. ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் பேராசைக்காரன்மேல் ஊர் கோபப்படும், திட்டும், அப்புறம் ஒருநாள் மறந்துபோய்க் கூப்பிடும். இல்லாதவனைப் பார்த்தால் 'பாவம்' என்று சொல்லும். அதற்கப்புறம் அவன் பேரை அந்த 'பாவம்' இல்லாமல் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்காமலிருக்க உன் அப்பா என்ன விலை கொடுத்தார் என்று உனக்கு இப்போது தெரியும். அதைப் போய்க் கூட்டத்தில் கொட்டாதே.

யாராவது கேட்டால், ஆர்செனிஸ் முறையை விற்றான் என்றே சொல். அதைச் சொல்லிக்கொண்டே என்னைக் கூப்பிட முடியுமானால் கூப்பிடு. முடியாது என்றால் விட்டுவிடு, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆர்செனிஸ்


ஏதென்ஸ்,
ஜூன் 10

மாமா,

கூட்டம் நேற்று முடிந்தது. ரெண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன், இது மூன்றாவது.

உங்கள் பேரை நான்தான் முன்மொழிந்தேன். உடனே ஸ்டாமூலிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, உனக்கு மூளை கலங்கிப்போச்சா? உங்கப்பன் முறையைக் காசுக்கு வித்தவனை நீயே கூப்பிடறியா? அவர் ஆத்மா உன்னைச் சும்மா விடுமா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஸ்டாமூலிஸ் அப்பாவுக்கு எவ்வளவு வேண்டியவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு உண்மையை விழுங்குவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வித்தாருதான்" என்றேன். "போனது எங்க வீட்டு முறை. உங்க வீட்டு முறை இல்லை. கோவப்படறதும் நான்தான், மன்னிக்கறதும் நான்தான். மன்னிச்சாச்சு. இனிமே இதைப் பத்தி யாரும் பேச வேணாம். அவரை மாதிரி ஊதறதுக்கு வேற ஆள் இருந்தா பேரைச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றீர்கள். ஸ்டாமூலிஸ் கை தூக்கவில்லை. வெளியே வந்தபோது படிக்கட்டில் ரெண்டு பேர் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள், நீங்கள் எனக்குக் கமிஷன் கொடுத்திருக்கிறீர்களாம். இன்று காலையில் கடைக்கு வந்த ஊர்க்காரி ஒருத்தி, தலையில் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போதே, "எவ்ளோ தேறுச்சு?" என்று கேட்டாள். சாயத்தை அவள் காதில் ஊற்றிவிடலாம் போலிருந்தது, சிரித்துவைத்தேன். ஆக, இப்போது நாம் ரெண்டு பேருமே பேராசைக்காரர்கள். உங்களுக்குக் கடைத்தெருவில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூக்கடைக்காரனை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீஹோஸைப் பண்ணையிலிருந்து ஆகஸ்டுக்கு விடுப்பு வாங்கச் சொல்லுங்கள். மற்ற ஊர்களுக்குச் சங்கத்தின் பேரில் எழுதிவிட்டேன், கரிதியா மறுபடியும் உங்களையே அழைத்திருக்கிறது என்று மட்டும்.

முறை வரிசை எப்போதும்போலத்தான். கோஸ்மாஸ் வீடு, அடுத்தது தாஸியோஸ் வீடு. முன்னால் நின்று ஆடப்போவது நான். என்ன பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை, அவர் கால் எந்த இடத்தில் தயங்கும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். முதல் நாளே ஸீக்கோஸ் கடைக்குப் போய் நோட்டு மாற்றி வைத்துக்கொள்வேன், முதல் ஆளாக.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் கையில் நோட்டு தீர்ந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். நான் அழுதுகொண்டிருந்தாலும் சரி, நிறுத்திவிடுங்கள். எங்களுக்குச் சும்மா ஒரு மூச்சுகூட வேண்டாம்.

தாஸியோஸ் மகள்
எவாந்தியா